நிலாக்கடலை மூட்டையின் அடியில்

ஏப்ரல் 14

சித்திரை பிறந்துவிட்டது. எல்லோரும் ஜனவரியில் டைரி எழுத ஆரம்பித்து பொங்கலுக்குள் நிறுத்திவிடுவார்கள். நான் ஏப்ரலில் ஆரம்பிக்கிறேன். நிறுத்துவதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா?

இது சோள ரவை வியாபாரி அப்பாவுக்குக் கொடுத்த டைரி. முதல் மூன்று மாதத்தை அம்மா கிழித்து, அக்கம்பக்கத்தாருக்குப் பலகாரச் சாம்பிள் மடித்துக் கொடுத்துவிட்டாள். மிச்ச வருஷம் எனக்கு.

நான் இசக்கிப்பிரியா. ஊர் கோவில்பட்டி. பத்தாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட் வராத வரைக்கும் புத்திசாலியாக இருக்கிறேன். அப்பா பூவலிங்கம், ஷார்ஜாவில் ஒரு சரக்குக் கிட்டங்கியில் ஸ்டோர் கீப்பராக இருந்தவர். போன தீபாவளிக்கு, இனி போவதில்லை என்று திரும்பி வந்தார். வரும்போது எல்லோர் வீட்டு அப்பாக்களும் தைலம், சென்ட், கம்பளி கொண்டு வருவார்கள். எங்கள் அப்பா ஒரு யோசனையைக் கொண்டு வந்தார்.

அங்கே அறையில் யாரோ ஒரு பாக்கெட்டைப் பிரித்தார்களாம். சோளத்தைப் பொரித்து, அதன் மேல் கடலையை அரைத்துப் பூசிய பஃப். ஒன்றை வாயில் போட்டதும் அப்பாவுக்குக் கண் கலங்கிவிட்டதாம். கடலை மிட்டாய் ஊரில் பிறந்து வளர்ந்த மனிதர், கடல் தாண்டிப் போய் கடலைக்காக அழுதிருக்கிறார். இப்போது எங்கள் வீட்டுப் பின்பக்கத் தகரக் கொட்டகையில் ஒரு பஃப் மெஷின் நிற்கிறது. ஒரு பக்கம் மக்காச்சோள ரவையைப் போட்டால் மறுபக்கம் படபடவென்று வெள்ளைக் கட்டைவிரல்களாகத் துப்பும். அதை டிரம்மில் போட்டு, கடலை விழுதும் உப்பும் சேர்த்து உருட்டினால் ரெடி.

அம்மா போட்ட நிபந்தனை: வைகாசி பிறப்பதற்குள் இது ஓடாவிட்டால் அப்பா திரும்ப ஷார்ஜா போய்விட வேண்டும். அப்பா சரி என்று தலையாட்டிவிட்டார்.

எனக்கு ஒன்றும் இல்லை. அப்பா போனால் ரிமோட் எனக்கு. ஜன்னலோரக் கட்டில் எனக்கு. ஆம்லெட்டில் பெரிய பாதி எனக்கு. கூட்டிக் கழித்துப் பார்த்தால் லாபம்தான்.

(அம்மா, நீ இதைப் படிக்கிறாய் என்று ஒரு சந்தேகம் இருக்கிறது. படித்தால் எடுத்த இடத்திலேயே வை.)

ஏப்ரல் 18

அப்பா தன் சரக்குக்குப் பெயர் தேடுகிறார். "பூவலிங்கம் பீனட் பஃப்" என்று அட்டை அடிக்கப் போகிறேன் என்றார்.

"எப்பா, அது பலகாரப் பேரு மாதிரி இல்ல. பஞ்சாயத்துத் தேர்தல்ல நிக்கிற மாதிரி இருக்கு."

"அப்ப நீ சொல்லேன் பாப்போம்."

"நிலக்கடலைக்கு ஒரு கால் போடுங்க. நிலாக்கடலை. நிலாவுல எல்லாம் லேசாத்தான இருக்கும், அதே மாதிரி."

அப்பா சிரித்த சிரிப்பில் கையிலிருந்த கடலை விழுது கரண்டி என் தலையில் இறங்கியது. சீயக்காய் போட்டும் போகவில்லை. இன்று முழுக்க எறும்புகள் என்னை மிகவும் மதித்தன.

ஏப்ரல் 24

நிலாக்கடலை கடைகளுக்குப் போய்விட்டது. கடைகளை விட்டு எங்கும் போகவில்லை.

அப்பாவோடு வண்டியில் பின்னால் உட்கார்ந்து கருத்துக் கேட்கப் போனேன். டீக்கடை அண்ணாச்சி ஒன்றை வாயில் போட்டு, எதையோ தொலைத்தவர் மாதிரி நாக்கால் துழாவினார்.

"எங்க போச்சு?"

"கரைஞ்சிருச்சு அண்ணாச்சி. அதான் விசேஷமே" என்றார் அப்பா.

"கரையுறதுக்கு எதுக்குவே காசு? கடிச்சா ஒரு சத்தம் வேணும், தின்னா ஒரு காரம் வேணும். இது காத்துல கடலையக் காட்டிட்டு எடுத்துட்டுப் போன மாதிரில்லா இருக்கு!"

பஸ் ஸ்டாண்ட் கடைக்காரர் மிளகாய்த் தூள் போடச் சொன்னார். ஸ்கூல் வாசல் கடைக்கார அக்கா உள்ளே பொம்மை வைக்கச் சொன்னார். அப்பா யாருக்கும் மசியவில்லை.

"காரம் போட்டா கடலை ருசி செத்துரும். இத அப்படியே வாயில போடணும். கண்ண மூடணும். அவ்வளவுதான்."

இந்த ஊரில் கண்ணை மூடிக்கொண்டு சாப்பிட்டால் பக்கத்தில் இருப்பவன் பாக்கெட்டைக் காலி செய்துவிடுவான். இதை அப்பாவுக்கு எப்படிப் புரிய வைப்பது?

ஏப்ரல் 29

சீல் போடும் மெஷினில் ஒரு காலிப் பாக்கெட்டுக்குக் காற்று அடைத்து ஒட்டி, பக்கத்து வீட்டு ரெக்ஸியிடம் கொடுத்தேன். "புது ஐட்டம்டி. நிலாக்கடலை லைட்." பிரித்தாள், உள்ளே பார்த்தாள், கையை விட்டாள், கடைசியில் பாக்கெட்டுக்குள் முகத்தையே விட்டாள். ரெக்ஸி என் உயிர்த்தோழி. அதனால்தான் முதல் சோதனை அவள் மேல்.

மே 5

இன்று வீடியோ காலில் ஜெயசிங் மாமா வந்தார். ஷார்ஜாவில் அப்பாவோடு ஒரே அறையில் இருந்தவர். பழைய கிட்டங்கியில் பழைய வேலையே காலியாக இருக்கிறதாம், விசா எடுத்துவிடலாமாம். மாமா போனை மிகப் பக்கத்தில் வைத்திருந்ததால் திரை முழுக்க மூக்குதான் தெரிந்தது.

அப்பாவும் அப்படித்தான் வைத்துக்கொள்வார். சின்ன வயதில் எனக்கு அப்பா என்றால் ஒரு மூக்கு. அந்த மூக்கு ஞாயிற்றுக்கிழமை வரும், "சாப்டியா" என்று கேட்கும், போய்விடும். முதல் தடவை லீவில் வந்து வாசலில் நின்றபோது நான் உள்ளே ஓடி, "எம்மா, ஒரு மாமா வந்திருக்கார்" என்றேனாம். சொல்லிச் சொல்லி எல்லோரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். நல்ல ஜோக்.

ஷார்ஜா போனால் அப்பா சார்ஜ் ஏறி வருவார் என்று சித்தி சொல்கிறாள். நான் பார்த்தவரை ஒவ்வொரு தடவையும் பேட்டரி தீர்ந்துதான் வந்தார்.

மே 9

துணி மடித்தேன். டிரம் கழுவினேன். வாழ்க்கை.

மே 12

விசா வந்துவிட்டது. டிக்கெட்டும் போட்டாயிற்று. 26ஆம் தேதி, திருவனந்தபுரத்திலிருந்து. அம்மா சாமிக்குச் சூடம் காட்டினாள். காட்டிவிட்டு அடுப்படியில் வெங்காயமே இல்லாமல் கண்ணைத் துடைத்தாள்.

அப்பா கொட்டகையில் மெஷினுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தார். இன்னும் ஓட்டப்போகிறவர் மாதிரி.

"எப்பா, நீங்க போனா இத யாரு ஓட்டுவா?"

"மூடி வைப்போம். லீவுக்கு வரும்போது ஓட்டுவோம்."

"அப்ப நிலாக்கடலை?"

"நிலாவும்தான் தேஞ்சு தேஞ்சு வருது" என்றார்.

என் வேலை இது, வார்த்தையைத் திருப்புவது. என்னிடமே திருப்புகிறார். எனக்குக் கோபமாக வந்தது. அந்த ஜோக்கின் மேல்தான்.

மே 15

சாத்தூர்க் கடைக்காரர் ஒருவர் ஆர்டர் கொடுத்திருந்தார். அப்பா நேற்று முழுக்க மெஷின் பக்கத்திலேயே நின்று, சுடச்சுடப் பொரித்து, பெரிய பாலிதீன் பையில் காற்றுப் புகாமல் கட்டி, அதைச் சாக்குக்குள் இறக்கி வைத்தார். மூட்டை என் தோள் உயரம். இன்று அந்தக் கடைக்காரர் போன் செய்து வேண்டாம் என்றுவிட்டார். அதுதான் கடைசி ஆர்டர்.

மூட்டை கொட்டகை மூலையில் நிற்கிறது. யாருக்கும் வேண்டாம். யாரும் தொடவும் மாட்டார்கள்.

யாரும் தொடவே மாட்டார்கள்.

மே 16

இன்று ஒரு சிறு வேலை செய்தேன். என்ன வேலை என்று எழுத மாட்டேன். (வணக்கம், அம்மா.)

ரிசல்ட் வந்தது. பாஸ். நல்ல பாஸ்தான். அப்பா தெருவுக்கே லட்டுக்குப் பதிலாக நிலாக்கடலை கொடுத்தார். "பிள்ளை பாஸா, ஜஸ்ட் பாஸா?" என்று எதிர்வீட்டு மாமி கேட்டாள், பஃபை ஒரு மாதிரி பார்த்துக்கொண்டே.

வலது கை தோள் வரை கடலைப் பொடி அப்பியிருக்கிறது. சும்மா குறித்து வைக்கிறேன்.

மே 17

காலையில் அம்மாவின் குரல் மணியாச்சி ஜங்ஷன் வரை கேட்டிருக்கும்.

"என்னங்க! பீரோல இருந்த மஞ்சப்பை இருக்கு, பாஸ்போர்ட்டக் காணோம்!"

வீடு தலைகீழானது. மெத்தை நின்றது, பாத்திரம் உட்கார்ந்தது, அரிசி டிரம் குப்புறப் படுத்தது. நான் எல்லோரையும்விடச் சுறுசுறுப்பாகத் தேடினேன். பிரிட்ஜில் தேடினேன். சாமி படத்துக்குப் பின்னால் தேடினேன். "பாஸ்போர்ட்டு எதுக்குடி இட்லிக் கொப்பரைக்குள்ள போகும்?" என்று அம்மா கேட்டாள். ஆவி போகாத இடமா என்றேன். முதுகில் ஒன்று விழுந்தது.

அப்பா பீரோவின் முன்னால் நின்றார். பிறகு என் முகத்தைப் பார்த்தார். பிறகு என் முழங்கையைப் பார்த்தார்.

நான் நேற்றே குளித்திருக்க வேண்டும்.

மே 19

தேடல் தொடர்கிறது. அப்பா மத்தியானம் கொட்டகைக்குள் போனார், வெகுநேரம் கழித்து வந்தார். சட்டை முழுக்கக் கடலைப் பொடி. என்ன செய்தீர்கள் என்று கேட்டேன். மெஷினைத் துடைத்தேன் என்றார்.

அதன் பிறகு விசில் அடிக்கிறார். விமானத்துக்கு இன்னும் ஒரு வாரம்தான், பாஸ்போர்ட் இல்லை, மனிதர் விசில் அடிக்கிறார். அம்மா அவர் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

மே 22

கெட்டது. எல்லாம் கெட்டது.

நாளைக்குக் கோமு அக்கா கல்யாணம். கோமு அக்கா, பெரிய மாமாவின் மகள். ராத்திரிச் சாப்பாட்டில் அப்பா ரசத்தைப் பிசைந்துகொண்டே அம்மாவிடம் சொல்கிறார்:

"செம்பகம், மூலையில கெடந்த மூட்டைய மண்டபத்துக்கு அனுப்பிட்டேன். கல்யாணத்துக்கு வர்ற புள்ளைங்க திங்கட்டும். இங்க கெடந்து என்ன செய்ய?"

எனக்கு ரசம் மூக்கில் ஏறியது.

"என்னட்டி?" என்றார் அப்பா.

"மிளகு" என்றேன்.

"நம்ம வீட்டு ரசம் காரமே இல்லையே" என்றார் அப்பா, ரொம்ப யோசனையாக.

மே 23

கை வலிக்கிறது. ஆனாலும் இதை இன்றே எழுதியாக வேண்டும்.

விடிந்ததிலிருந்து அம்மா சொன்ன வேலைகளை முடித்து, பந்தி நேரத்தில்தான் ரெக்ஸியை இழுத்துக்கொண்டு சைக்கிளில் மண்டபம் போனேன். வழியில் அவளிடம் எல்லாவற்றையும் சொன்னேன். அவள் சைக்கிளை நிறுத்திவிட்டுச் சிரித்தாள்.

"ஏட்டி, நீ பாஸ்போர்ட்ட பஃப்புக்குள்ள வச்சியா? அப்ப அது பஃப்போர்ட்டு!"

இப்படித்தான் ஒரு கண்டுபிடிப்பாளரின் கலையைப் பக்கத்து வீட்டார் திருடுவது.

மூட்டை சமையல்கட்டுக்குப் பக்கத்துச் சாமான் அறையில், பூசணிக்காய்களுக்கு நடுவே மாப்பிள்ளை மாதிரி உட்கார்ந்திருந்தது. கட்டை அவிழ்த்துக் கையை விட்டேன். தோள் வரை போயும் அடி தட்டவில்லை. தலையையும் விடலாம் என்று நினைத்தபோது பின்னால் ஒரு குரல்.

"என்ன பாப்பா, மூட்டையோட மல்லுக்கட்டுத?"

ஆவுடை மாஸ்டர். இந்தப் பக்கத்தில் அவர் சமைக்காத கல்யாணம் கல்யாணமே இல்லை என்பார்கள். கரண்டியை இடுப்பில் செருகியிருந்தார், போலீஸ்காரர் லத்தி மாதிரி.

"பரிமாற எடுக்கேன், மாஸ்டர்" என்று வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"என்னது இது?"

"கடலை... அப்பளம்."

மாஸ்டர் ஒரு நொடி யோசித்தார். உள்ளே முதல் பந்தி முடிந்து இரண்டாம் பந்தி உட்கார்ந்துவிட்டது. அப்பளம் பொரிக்கிற அடுப்பில் சிலிண்டர் மாற்றிக்கொண்டிருந்தார்கள். இலையில் சாதம் விழுந்துவிட்டது, அப்பளத்துக்கான இடம் வெறுமையாக இருந்தது. எங்கள் பக்கத்தில் இலையில் அப்பளம் இல்லாவிட்டால் சம்பந்தி சண்டைக்கே வந்துவிடுவார்.

"சரி, சட்டுனு ஒரு சுத்து விடு. அதுக்குள்ள அப்பளம் வந்துரும்" என்று ஒரு கூடையை என் கையில் திணித்தார்.

எனக்கு உள்ளுக்குள் குதூகலம். திருட்டுத்தனமாக மூட்டையைக் காலி செய்ய வந்தவளுக்குக் கூடையும் கொடுத்து அனுமதியும் கொடுத்தால்? ரெக்ஸி மூட்டையிலிருந்து அள்ளிக் கொட்ட, நான் இலை இலையாக ஓடினேன். ஆளுக்கு ஒரு கை. கேட்காதவர்களுக்கு இரண்டு கை.

"ஏளா, என்னதிது, விரலு விரலா?"

"கடலை அப்பளம், பெரியப்பா."

"உளுந்து அப்பளம் எங்க?"

"பின்னாடி வருது. இது முன்னாடி ஓடி வந்துட்டு."

சாம்பார் வரை ஒன்றும் நடக்கவில்லை. சிலர் கடித்தார்கள், சிலர் ஒதுக்கினார்கள். டீக்கடை அண்ணாச்சியும் அந்த வரிசையில் இருந்தார், என்னைப் பார்த்து, "இங்கயும் வந்துட்டியா" என்றார். பிறகு பாயசம் வந்தது. வெல்லம் போட்ட பருப்புப் பாயசம், இலையில் குளம் மாதிரி.

பாயசம் வந்தால் எங்கள் ஊர்க் கை என்ன செய்யும்? அப்பளத்தை எடுக்கும், நொறுக்கும், பாயசத்தில் போடும், பிசையும். அதற்கு மூளையின் அனுமதி தேவையில்லை. அந்த வரிசை முழுக்கக் கைகள் இலையோரம் போயின. அங்கே அப்பளம் இல்லை, நிலாக்கடலை இருந்தது. நொறுக்கினார்கள். போட்டார்கள்.

டீக்கடை அண்ணாச்சி முதல் வாய் வைத்தார். அசையவில்லை. இலையைப் பார்த்தார். கண்ணை மூடினார்.

நான் கூடையோடு அப்படியே நின்றுவிட்டேன். அப்பா சொன்னாரே, கண்ணை மூடணும் என்று.

"பாப்பா," என்றார் கண்ணைத் திறக்காமலே, "அந்தக் கடலையக் கொண்டா."

பிறகு நடந்ததை எழுத எனக்கு நான்கு கை வேண்டும். "இங்க போடு", "இந்த இலைக்கு", "ஏ, எங்க வரிசையைத் தாண்டிப் போறா பாரு!" பாயசக்காரர் ஒரு பக்கம் ஓட, நான் ஒரு பக்கம் ஓட, எங்களுக்கு நடுவே சூடான அப்பளக் கூடையோடு வந்தவரை யாருமே திரும்பிப் பார்க்கவில்லை. அவர் முகம் பொரியாத அப்பளம் மாதிரி ஆகிவிட்டது.

ஆவுடை மாஸ்டர் கூடையிலிருந்து ஒரு கை அள்ளி, டம்ளர் பாயசத்தில் நொறுக்கிப் போட்டு, விரலால் வழித்தார். நான் திட்டுக்குத் தயாராக நின்றேன்.

"முந்திரி போட்ட இடத்துல இதப் போட்டா முந்திரிக்கே கூச்சம் வந்துரும் போல. யாரு சரக்கு?"

"எங்க அப்பா."

"மூட்ட எத்தன இருக்கு?"

"இதுதான் கடைசி."

"கடைசியா? கழுகுமலையில அடுத்த முகூர்த்தம் எனக்கு. உங்கப்பன வரச் சொல்லு."

மூன்றாம் பந்தியில் அப்பாவே உட்கார்ந்திருந்தார். தன் நிலாக்கடலையை ஊரே நொறுக்குவதைப் பார்த்து அவர் முகம் போன போக்கு இருக்கிறதே! "கொலகாரப் பாவிங்களா... அப்படியே திங்கச் சொன்னேன், சட்னி ஆக்குதானுவளே" என்று முணுமுணுத்தார். பக்கத்து இலைக்காரர், "நீரும் நொறுக்கிப் பாருமே வே" என்று தானே நொறுக்கி அப்பாவின் பாயசத்தில் போட்டுவிட்டார். அப்பா மனசில்லாமல் எடுத்து வாயில் வைத்தார்.

இலையை வழித்தார். மறுபடி வழித்தார். தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார்.

"இன்னும் கொஞ்சம் போடு."

"தீரப்போகுதுப்பா."

"அடியில கெடக்கதையும் சேத்துப் போடு" என்றார்.

எனக்குக் கூடை நழுவப் பார்த்தது. சாமான் அறைக்கு ஓடினேன். ரெக்ஸி மூட்டையைத் தலைகீழாகப் பிடித்து உதறிக்கொண்டிருந்தாள். தூள். வெறும் தூள். பாஸ்போர்ட் இல்லை.

ஆக, அது ஏதோ ஒரு கையோடு போய்விட்டது. ஏதோ ஓர் இலையில் விழுந்து, பாயசத்தில் ஊறி, சுருட்டி எறியப்பட்டுவிட்டது. நானும் ரெக்ஸியும் பட்டுப்பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு மண்டபத்துக்குப் பின்னால் எச்சில் இலைக் குவியலில் இறங்கினோம். அங்கே ஒரு பசுமாடு எங்களுக்கு முன்பே வேலையை ஆரம்பித்திருந்தது.

"இது தின்னுருக்குமோ?" என்றாள் ரெக்ஸி.

"தின்னா இதுதான் 26ஆம் தேதி திருவனந்தபுரம் போகணும்."

மாடு எங்களைப் பார்த்து மென்றது. விசா உள்ள மாட்டின் திமிர் அதற்கு.

கிடைக்கவில்லை. ஒளித்து வைத்தால் எடுத்துக்கொடுக்கலாம். தொலைத்தால்?

மே 24

அப்பாவிடம் சொல்லிவிடுவது என்று முடிவு செய்து கொட்டகைக்குப் போனேன்.

"எப்பா, ஒண்ணு சொல்லணும்."

"சொல்லாத."

"இல்லப்பா, பாஸ்போர்ட்டு..."

"காணாமப் போனதப் பத்திப் பேசுனா கெடைக்குமா? தேடுனாத்தான் கெடைக்கும். இந்தக் கொட்டகைய நல்லாத் தேடு. அந்த மூலை, பரணு, டிரம்முக்கு அடி எல்லாம். தேடும்போது அப்படியே பெருக்கிரு. ஒட்டடையும் அடிச்சிரு."

தேடினேன். பெருக்கினேன். அடித்தேன். சாயங்காலம் கொட்டகை அத்தனை சுத்தமாக இருந்தது, கழுகுமலைக் கல்யாணத்துக்குப் பொரிக்க வசதியாக. அப்பா விசில் அடித்துக்கொண்டே ரவையைக் கொட்டினார்.

மே 26

விமானம் போய்விட்டது. எங்கள் வீட்டுக்கு மேலே போகாது என்று தெரியும், ஆனாலும் மாடியில் நின்று பார்த்தேன். ஒரு காக்கா போனது.

ஜெயசிங் மாமா திட்டினார். கிட்டங்கிக்கு வேறு ஆள் போட்டுவிட்டார்களாம். "வீட்டுக்குள்ள இருந்த பாஸ்போர்ட்டத் தொலைக்கிற ஆளு நீ ஒருத்தன்தான்வே!" அப்பா போனை முகத்துக்கு மிகப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, "என்ன செய்ய, எங்க தேடியும் இல்ல" என்றார். மூக்கு மட்டும் தெரிந்திருக்கும். மூக்கு பொய் சொன்னால் யாருக்கும் தெரியாது. பக்கத்தில் நின்ற எனக்கு மீதி முகமும் தெரிந்தது.

எனக்கு ஏதோ புரிகிற மாதிரி இருக்கிறது. புரியாத மாதிரியும் வைத்துக்கொள்கிறேன்.

மே 30

கழுகுமலைக்குக் கொண்டுபோன இரண்டு மூட்டையும் காலி. ஆவுடை மாஸ்டர் அடுத்த முகூர்த்தங்களுக்கும் சொல்லிவிட்டார். டீக்கடை அண்ணாச்சி, பாயசமே விற்காத கடையில், பாயசமும் நிலாக்கடலையும் போட ஆரம்பித்திருக்கிறார். அம்மா நிபந்தனையைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. புது அட்டையில் அப்பா ஒரு வரி சேர்த்திருக்கிறார்: "அப்படியே சாப்பிடலாம். நொறுக்கியும் சாப்பிடலாம்." இந்த 'யும்'மை அச்சடிக்க அப்பாவின் மனம் என்ன பாடுபட்டிருக்கும்!

ஆம்லெட்டில் எனக்கு இன்னும் சின்னப் பாதிதான். ரிமோட்டும் அவரிடம்தான். நஷ்டம்.

ஜூன் 3

அம்மா துண்டு எடுத்து வரச் சொன்னாள். பீரோவைத் திறந்தேன்.

கடலை வாசம்.

பீரோவில் எப்போதும் பாச்சை உருண்டை வாசம்தான் வரும். அப்பாவின் பட்டு வேட்டி அடுக்கின் மேல் முகத்தை வைத்தேன். அங்கிருந்துதான் வருகிறது. வேட்டிக்கு அடியில் கையை விட்டேன். கெட்டி அட்டை, சின்னப் புத்தகம் அளவு. விரலில் கடலைப் பொடி ஒட்டியது.

எடுக்கவில்லை. கையை உருவிக்கொண்டேன். துண்டை எடுத்தேன். மூடினேன். "என்னட்டி இவ்வளவு நேரம்?" என்றாள் அம்மா. "துண்டு துண்டா இருந்துச்சு, ஒண்ணு பாத்து எடுக்க நேரமாயிட்டு" என்றேன். ஜோக் சரியில்லை. குரலும் கொஞ்சம் சரியில்லை.

ஊரிலேயே பெரிய குறும்புக்காரி நான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். எச்சில் இலையில் என்னை இறக்கிவிட்டு, "அடியில கெடக்கதையும் போடு" என்று பாயசம் வழித்த மனிதரிடம் தோற்றதில் எனக்கு வெட்கம் இல்லை.

சாயங்காலம், யாரும் பார்க்காதபோது, ஒரு கை நிலாக்கடலையை அந்த வேட்டி மேலே வைத்துவிட்டு வந்தேன்.

ஜூன் 4

வேட்டி மேலே ஒன்றுகூட இல்லை. கொஞ்சம் தூள் மட்டும்.

"என்னங்க, பீரோவுக்குள்ள எலி வருது போல. ஏதோ கொறிச்சிருக்கு" என்றாள் அம்மா.

"ஆமா, நானும் சத்தம் கேட்டேன்" என்றார் அப்பா, மீசையைத் துடைத்துக்கொண்டு.

"பெரிய எலியா இருக்கும்" என்றேன் நான்.

அப்பா தோசையைப் பார்த்தார். நான் சட்னியைப் பார்த்தேன். எங்கள் இருவரின் தோளும் குலுங்கியது.

அம்மா, இதை நீ படிப்பாய் என்று தெரியும். ஒரே ஒரு வேண்டுகோள். பீரோவில் எலிப்பொறி வைத்துவிடாதே.

ஜூன் 5

எழுத உட்கார்ந்தேன். நேற்றைய பக்கத்தின் கீழே, அம்மா மளிகைச் சிட்டை எழுதுகிற பென்சிலில், அம்மாவின் கையெழுத்தில்:

"வைக்க மாட்டேன்."